பாவித்த காரும் பழகிய உறவும்

ஸ்ட்ரோம்மனில் பனி உருகி வீதியோரத்துக் கற்கள் வெளித்தெரியத் தொடங்கும் சித்திரை மாதத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகனத் தரிப்பிடங்களில் ஒரு காட்சியைக் காணலாம். கழுவித் துடைத்த சில பழைய கார்களின் பின்கண்ணாடியில் 'தில் சால்க்ஸ்', அதாவது 'விற்பனைக்கு', என எழுதிய காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். விளம்பரங்கள் யாவும் இணையத்துக்குச் சென்றுவிட்ட இந்நாளிலும் அந்தக் காகிதம் மறையவில்லை. ஒஸ்லோவுக்குக் கிழக்கே, லில்லெஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் அமைந்த இச்சிறு நகரம் ஒருகாலத்தில் வாகனங்களை ஆக்கிய ஊர். 1854இல் நோர்வேயின் முதலாவது ரயில்பாதை இதன் வழியாகவே ஓடியது. 1873இல் ஆரம்பிக்கப்பட்ட ஸ்ட்ரோம்மன் தொழிற்சாலை நாடெங்கும் ஓடிய ரயில் பெட்டிகளைக் கட்டியது. இன்றோ 1985இல் திறக்கப்பட்ட பெரும் வணிக வளாகமே ஊரின் அடையாளமாகிவிட்டது. வாகனங்களை ஆக்கிய ஊரில் நாம் வாகனங்களை வாங்கி விற்கிறோம்.

இங்கும் லோரன்ஸ்கூக், ஸ்தொவ்னர், ரொம்மன் ஆகிய அயல் இடங்களிலும் வாழும் எம்மவர் குடும்பங்கள் பலவற்றில், ஆண்டுதோறும் இதே பருவத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. காரை நாமே விற்பதா? அல்லது கார் வியாபாரியிடம் கொடுத்துவிடுவதா? கேள்வி சிறியது போலத் தோன்றும். ஆனால் வீட்டுக்கு அடுத்தபடியாக எமது குடும்பங்கள் கைமாற்றும் மிகப் பெரிய சொத்து கார்தான். அதில் பிழைத்தால் நட்டம் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. கடந்த ஆண்டு எனக்குத் தெரிந்த இரு குடும்பங்களுக்கிடையே நிகழ்ந்த ஒரு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஏழு வாரத்தில் அறுந்தது

ஸ்ட்ரோம்மனில் வசிக்கும் பெரியவர் ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகள் பழைய தமது காரை லோரன்ஸ்கூக்கில் வாழும் ஓர் இளைஞருக்கு 45,000 குரோனருக்கு விற்றார். இருவரும் ஒரே ஊரவர். இளைஞரின் தந்தையும் பெரியவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். "தம்பி, உனக்கெண்டபடியால்தான் இந்த விலை" என்றார் பெரியவர். "அண்ணை, உங்களிட்டை வாங்கிறதுக்கு எனக்கென்னத்துக்குப் பேப்பர்?" என்றார் இளைஞர். தேநீர் அருந்தினார்கள். பணம் வங்கிக் கணக்குக்கு மாறியது. திறப்பு கைமாறியது. ஒப்பந்தம் எழுதப்படவில்லை.

ஏழாவது வாரத்தில், வேலை முடிந்து அதிவேக வீதியால் வீடு திரும்பிக்கொண்டிருந்த இளைஞரின் கார் ஒரு சத்தத்தோடு நின்றது. எஞ்சினுக்குள் இருக்கும் ரைமிங் பெல்ற் அறுந்துவிட்டது. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனோடு மோதி வளைந்துவிடும். திருத்துவதற்கு 26,000 குரோனர் என்றது கராஜ். அதாவது காரின் விலையில் பாதிக்கு மேல். பிரச்சினை அத்துடன் நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அந்த பெல்ற்றை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதென வேறொரு கராஜ் பெரியவரிடம் எழுத்தில் தெரிவித்திருந்தது. அக்கடிதம் காரின் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. இளைஞர் அதைக் கண்டெடுத்தார்.

"என்னை ஏமாத்திப்போட்டார்" என்றார் இளையவர். "பழைய கார் எண்டு தெரிஞ்சுதானே வாங்கினவன்" என்றார் மூத்தவர். அடுத்த மாதம் இளைஞரின் தங்கையின் திருமணம். அழைப்பிதழ் அப்பெரியவரின் வீட்டுக்குச் செல்லவில்லை. நாற்பது ஆண்டு உறவு, ஒரு கையகல ரப்பர் நாடாவோடு அறுந்து போயிற்று.

ஊரில் நாம் விற்ற விதம்

யாழ்ப்பாணத்தில் கார் விற்பதற்குச் சட்டம் யாரும் படித்ததில்லை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து மைத்துனனுக்கும் கைமாறி ஓடிக்கொண்டேயிருந்தன. 1990க்குப் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவையும் அந்தக் கார்களே. இடையில் ஒரு தரகர் இருப்பார். ஊரின் மெக்கானிக் ஒருவர் காதை வைத்துக் கேட்டு, "எஞ்சின் நல்லது" என்பார். விற்பவர் பொய் சொன்னால், மறுநாள் கோயில் வீதியில் அவர் முகங்கொடுக்க வேண்டும். அந்த முகந்தான் உத்தரவாதம்.

இலங்கையில் இன்னொரு வழக்கமும் உண்டு. மாற்றப் பத்திரத்தில் விற்பவர் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தமது பெயருக்கு மாற்றாமலே ஓட்டுவார். 'ஓப்பின் பேப்பர்' என்பது அதன் பெயர். அவ்வாறே மூன்று நான்கு கைகள் மாறிய பின்னரும் அரசாங்கப் பதிவேட்டில் முதலாமவரே உரிமையாளராக இருப்பார். வாகனம் ஒரு விபத்தில் சிக்கினால் பொலிஸார் வந்து நிற்பது அவருடைய படலையில்.

எமது மனதில் ஆழப் பதிந்திருக்கும் மற்றொரு எண்ணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இலங்கையில் கார் ஒரு முதலீடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் பாவித்த கார்கள் வாங்கிய விலையிலும் பல மடங்கு கூடிய விலைக்கு விற்கப்பட்டன. நோர்வேயில் நிலைமை நேர்மாறானது. இங்கு கார் ஒவ்வொரு மாதமும் தேயும் பொருள். உப்புத் தூவிய குளிர்கால வீதிகள் அதன் அடிப்பாகத்தைக் கறள் பிடிக்கச் செய்கின்றன. 2024இல் இந்நாட்டில் விற்கப்பட்ட புதிய கார்களில் ஏறத்தாழ 89 வீதமானவை மின்சாரக் கார்கள். எனவே பழைய டீசல் காரை 'நல்ல விலை வரும்' என இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பவர், அந்த நல்ல விலை தம்மைக் கடந்து போவதையே காண்பார்.

எலுமிச்சம்பழக் கதை

அமெரிக்கப் பேச்சுவழக்கில், வாங்கிய பின்னர் பழுதெனத் தெரியவரும் காரை 'எலுமிச்சம்பழம்' என்பர். ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற பொருளியலாளர் 1970இல் இதையே தலைப்பாகக் கொண்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். மூன்று சஞ்சிகைகள் திருப்பியனுப்பிய அக்கட்டுரையே பின்னர் புகழ்பெற்று, 2001இல் பொருளியலுக்கான நொபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைக்கக் காரணமாயிற்று.

அவர் கூறியது இதுதான். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் அச்சத்தோடு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவான ஒரு விலையையே கொடுக்க முன்வருவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையிலிருந்து விலகுவார். பழுதான கார் வைத்திருப்பவருக்கோ அது இலாபம். அவர் நிற்பார். ஈற்றில் சந்தையில் எஞ்சுவது எலுமிச்சம்பழங்களே.

இந்நோய்க்கு மருந்து நம்பிக்கையை உண்டாக்கும் ஓர் ஏற்பாடு. ஊரில் அந்த ஏற்பாடாக இருந்தது உறவு. இங்கு அது சட்டமும் எழுத்தும். புலம்பெயர்ந்த நாம் உறவை நம்பி விற்கிறோம், வாங்குகிறோம். ஆனால் அந்த உறவுக்குப் பின்னால் காவல் நின்ற ஊர் இங்கு இல்லை. கோயில் வீதியும் இல்லை, ஊர் மெக்கானிக்கும் இல்லை. அதனாற்றான் முரண்பாடு எழும்போது சமாதானம் செய்ய ஆளின்றி, அழைப்பிதழை நிறுத்துவதோடு முடிகிறது.

வியாபாரி ஏன் குறைத்துக் கேட்கிறார்?

எனது அனுபவத்தையே கூறுகிறேன். 2023 வசந்தத்தில் எனது பதினொரு ஆண்டு பழைய ரொயோட்டாவை விற்க முனைந்தேன். அயலிலுள்ள வியாபாரி ஒருவர் காரைச் சுற்றி இருமுறை நடந்துவிட்டு 52,000 குரோனர் என்றார். அவருடைய முற்றத்திலேயே அதே வகை, அதே வயதுக் கார் ஒன்று 85,000 எனத் தொங்கும் அட்டையோடு நின்றது. எமது உழைப்பைச் சுரண்டுகிறார் என்ற எண்ணம் எனக்கும் எழுந்தது. பின்னர் ஆறுதலாகக் கணக்குப் பார்த்தேன்.

அந்த 33,000 முழுவதும் அவருடைய இலாபமன்று. காரைத் திருத்திச் சுத்தப்படுத்த வேண்டும். முற்றத்துக்கு வாடகை, ஊழியருக்குச் சம்பளம், விற்காமல் நிற்கும் மாதங்களுக்கு வங்கி வட்டி கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சாதாரண மனிதர் ஒருவருக்கு விற்கும்போது நுகர்வோர் கொள்வனவுச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. 2002ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, நெடுங்காலம் உழைக்க வேண்டிய பொருட்களுக்கு 5 ஆண்டுகள் வரை முறைப்பாடு செய்யலாம். காரும் அவ்வகைப் பொருளாகவே கொள்ளப்படுகிறது. 2024 ஜனவரி முதல், விற்று இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததென்றே பொதுவாக அனுமானிக்கப்படும். இல்லையென நிரூபிக்க வேண்டியவர் வியாபாரி. இந்த ஆபத்தின் விலையை அவர் எங்கே வைப்பார்? எம்மிடம் வாங்கும் விலையில் ஒரு பகுதியையும், அடுத்தவருக்கு விற்கும் விலையில் மறு பகுதியையும் வைப்பார்.

நான் தனிப்பட்ட முறையில் விற்கத் தீர்மானித்தேன். ஐந்து வாரங்கள் சென்றன. பத்தொன்பது தொலைபேசி அழைப்புகள். ஆறு பேர் வந்து பார்த்தார்கள். இருவர் வருவதாகக் கூறி வரவில்லை. ஒருவர் இரவு பத்து மணிக்கு வந்து பாதி விலை கேட்டார். இறுதியில் ஓர் ஆசிரியை 72,000 குரோனருக்கு வாங்கினார். சோதனை, சுத்திகரிப்பு, விளம்பரம் ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 4,000 செலவாகியிருந்தது. வியாபாரி தருவதாகச் சொன்னதிலும் 16,000 குரோனர் மேலதிகமாக என் கைக்கு வந்தது. அத்தொகை ஐந்து வார அலைச்சலின் கூலி. அதற்கும் மேலாக, பின்வரும் இரண்டு ஆண்டுகளுக்கு நான் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் கூலி.

'உள்ளது உள்ளபடி' என்பதன் எல்லை

இந்தப் பொறுப்பைத்தான் எம்மவரிற் பலர் அறியாதிருக்கின்றனர். "நான் வியாபாரியல்ல, விற்றதோடு என் கடமை முடிந்தது" எனக் கருதுகின்றனர். அது தவறு. ஒரு தனியார் மற்றொரு தனியாருக்கு விற்கும்போது 1988ஆம் ஆண்டின் கொள்வனவுச் சட்டம் செல்லுபடியாகிறது. வாங்கியவர் குறையைக் கண்ட பின் நியாயமான காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கான இறுதி எல்லை பொதுவாக 2 ஆண்டுகள்.

'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் எழுதலாம். பாவித்த கார் விற்பனையில் அது வழமையானது. சிறு சிறு குறைகளுக்கு அது விற்பவரைக் காக்கும். ஆனால் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு மூன்று கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. விற்பவர் கொடுத்த தகவல் பிழையாக இருந்து, அது வாங்குபவரின் முடிவைப் பாதித்திருந்தால் அது ஒன்று. விற்பவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய முக்கியமான விடயத்தை அவர் சொல்லாது விட்டிருந்தால் அது இரண்டு. கொடுத்த விலைக்கும் ஏனைய சூழ்நிலைகளுக்கும் ஏற்ப எதிர்பார்க்கக்கூடிய நிலையைவிடக் கார் மிகவும் மோசமானதாக இருந்தால் அது மூன்று. இம்மூன்றில் ஒன்றேனும் பொருந்தினால் அவ்வாசகம் விற்பவரைக் காப்பாற்றாது. விலைக்குறைப்பையோ திருத்தச் செலவையோ வாங்கியவர் கேட்கலாம். குறை பாரதூரமானதாயின் கொள்வனவையே இரத்துச் செய்யக் கோரலாம்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. காரைப் பரிசோதித்தவர், அப்போது கண்டிருக்க வேண்டிய குறையைப் பின்னர் முறையிட முடியாது. பரிசோதிக்குமாறு விற்பவர் கேட்டும் காரணமின்றிப் பரிசோதியாது விட்டவருக்கும் அதே விதிதான். எனவே "நீங்கள் விரும்பிய இடத்தில் சோதித்துப் பாருங்கள்" என எழுத்தில் கூறுவது விற்பவருக்கே பாதுகாப்பு. வாகன உரிமையாளர் சங்கமான நாஃப் போன்ற நிறுவனங்கள் பாவித்த கார்களைச் சோதித்து அறிக்கை தருகின்றன. மின்சாரக் காராயின் பற்றறியின் நிலையையும் சோதிக்கலாம். அந்த அறிக்கையை விற்பவரே முன்கூட்டி எடுத்து வைத்துக்கொண்டால், அக்கர்லொவ் சொன்ன அச்சம் பாதி நீங்கும். விலையும் அதற்கேற்ப உயரும்.

ஒன்றை நினைவிற் கொள்க. குறையைச் சொல்லி விற்பவர் சில ஆயிரம் குரோனரை இழப்பார். சொல்லாமல் விற்பவர் இரண்டு ஆண்டு நித்திரையை இழப்பார். எழுத்திற் சொல்லப்பட்ட குறையைப் பற்றிப் பின்னர் எவரும் முறையிட முடியாது.

மாற்றிக் கொடுக்கும்போது

பழைய காரைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் 'இன்பித்தெ' முறையே எம்மவரை மிகவும் கவர்வது. ஒரே நாளில் அலுவல் முடிந்துவிடும். ஆனால் இங்கு ஒரு கண்கட்டு உண்டு. "உங்கள் காருக்கு 70,000 தருகிறேன்" என வியாபாரி கூறும்போது மனம் குளிர்கிறது. வாங்கும் காரின் விலையில் அவர் ஒரு சதமும் குறைக்கவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மேலதிகமாக நாம் கையிலிருந்து கொடுக்கும் தொகை. ஓர் எடுத்துக்காட்டு. வாங்கும் காரின் விலை 250,000. பழைய காருக்கு 70,000 தந்தால் நாம் கொடுப்பது 180,000. அடுத்த வியாபாரி பழைய காருக்கு 55,000தான் தருகிறார். ஆனால் அதே காரை 230,000க்குத் தருகிறார். நாம் கொடுப்பது 175,000. குறைத்து மதித்தவரே மலிவாகத் தந்திருக்கிறார். ஆகவே, முதலில் "பழைய காரின்றி வாங்கினால் என்ன விலை?" எனக் கேளுங்கள். அதன் பின்னரே பழைய காரைக் காட்டுங்கள்.

வியாபாரிக்குக் கொடுத்தால் எமக்குப் பொறுப்பே இல்லை என்பதும் முற்றிலும் சரியன்று. அவர் தொழில் தெரிந்தவர், பரிசோதிக்கும் வசதி உள்ளவர். எனவே பின்னர் வந்து முறையிடுவது அவருக்குக் கடினம். ஆயினும் தெரிந்த பாரிய குறையை மறைத்தவரை அவரும் தேடி வரலாம். வியாபாரி எமது காரைத் தமது முற்றத்தில் நிறுத்தி, எமக்காக விற்றுத் தரகு எடுக்கும் முறையும் உண்டு. வியாபாரிகள் மட்டும் விலை கேட்கும் இணைய ஏலங்களும் உண்டு. இவற்றில் கையொப்பமிடும் முன்னர், விற்ற பின் எழும் முறைப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற வரியைத் தேடி வாசியுங்கள்.

நீங்களே விற்பதானால்

விளம்பரத்தைப் பெரும்பாலானோர் 'ஃபின்' இணையத்தளத்திலேயே போடுகின்றனர். 2000ஆம் ஆண்டளவில் நோர்வேயின் பத்திரிகைகள் சேர்ந்து தொடங்கிய தளம் அது. அங்கு அதே வகை, அதே வயது, ஏறத்தாழ அதே கிலோமீற்றர் ஓடிய கார்களின் விலைகளைப் பார்த்தே உங்கள் விலையைத் தீர்மானியுங்கள். கேட்கும் விலை வேறு, கிடைக்கும் விலை வேறு என்பதையும் மறவாதீர்கள். கட்டாய வாகனப் பரிசோதனை அண்மையில் முடிந்திருப்பின் காரின் மதிப்பு கூடும். முதற் பதிவிலிருந்து நான்கு ஆண்டிலும், அதன் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் வருவது அது. கோடைக்கும் குளிருக்குமான இரு தொகுதி ரயர்களையும் வெளியே எடுத்து வைத்துக் காட்டுங்கள். குளிர்கால ரயரில் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடம் சட்டப்படி செல்லாது.

பார்க்க வருபவரைத் தனியே ஓட்டவிடாதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது அவமதிப்பு அன்று.

கார் கடனில் எடுத்ததா? அவ்வாறாயின் புறொன்னொய்சுண்ட் நகரிலுள்ள பதிவேட்டில் அதன்மீது ஈடு பதியப்பட்டிருக்கக்கூடும். இலக்கத்தகட்டின் இலக்கத்தைக் கொண்டு எவரும் அதைப் பார்க்கலாம். ஈடு காரைத் தொடர்ந்து செல்லும். உரிமையாளர் மாறினாலும் அது அழியாது. வாங்குபவர் பணம் கொடுக்கும் முன்னர் பார்க்க வேண்டியதும், விற்பவர் முதலில் தீர்க்க வேண்டியதும் அதுவே.

ஒப்பந்தப் படிவத்தை நுகர்வோர் சபை இலவசமாக வழங்குகிறது. நாஃப்பிடமும் உண்டு. தெரிந்த குறைகளுக்கென அதில் இடம் உண்டு. அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். இரு பிரதிகள் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒவ்வொருவரும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டதை நீங்களே பார்த்த பின்னரே திறப்பைக் கொடுங்கள். வாங்குபவர் தமது தொலைபேசியில் காட்டும் 'அனுப்பப்பட்டது' என்ற படம் பணமன்று. பணத்தைப் பெறுவதற்கு எவருக்கும் உங்கள் வங்கி அடையாளக் குறியீடு தேவையில்லை. கேட்பவர் கள்வர்.

விற்பனை அறிவித்தலை வீதி நிர்வாகத்துக்கு உடனடியாக அனுப்புங்கள். நோர்வேஜிய மொழியில் 'சால்க்ஸ்மெல்டிங்' என்பது இதுவே. எமது 'ஓப்பின் பேப்பர்' பழக்கத்துக்கு இங்கு இடமில்லை. அறிவித்தல் பதியப்படும்வரை பதிவேட்டில் நீங்களே உரிமையாளர். வீதிக் கட்டணமும் தரிப்பிடத் தண்டமும் உங்கள் முகவரிக்கே வரும். 1990இல் ஒஸ்லோவைச் சுற்றி நிறுவப்பட்ட கட்டணச் சாவடிகள் ஒவ்வொரு இலக்கத்தகட்டையும் படம் பிடிக்கின்றன. கண்ணாடியில் ஒட்டிய கட்டணக் கருவியைக் கழற்றிக்கொள்ள மறவாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான கட்டணத்தை வழமையாக வாங்குபவரே செலுத்துவார். காப்புறுதியை அவர் எடுத்த பின்னரே கார் உங்கள் முற்றத்தை விட்டு நகர வேண்டும்.

அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் உள்ளோருக்கு ஒரு வார்த்தை. வங்கி அடையாளம் இல்லாத காரணத்தால் சிலர் காரை வாங்கி, அறிந்தவர் ஒருவரின் பெயரில் பதிவு செய்கின்றனர். உதவி செய்பவரின் நல்ல மனம் புரிகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் கார் அவருடையது. அவருக்குக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் அந்தக் காரின்மீது கை வைக்க முனையலாம். தண்டங்கள் அவருக்குப் போகும். விற்கும் உரிமையும் அவருக்கே உண்டு. இரவல் பெயரில் காரை வைத்திருப்பதைவிட, உரிய அடையாளம் கிடைக்கும்வரை ரயிலில் பயணம் செய்வது மேல்.

எவருக்கு எது நன்று?

சேவைப் புத்தகம் ஒழுங்காகவுள்ள, பிழையற்ற, பலரும் தேடும் வகைக் காராயின், நேரமும் பொறுமையும் உள்ளவர் தாமே விற்கலாம். கிடைக்கும் மேலதிகப் பணம் ஒரு குடும்பத்தின் சில மாத மளிகைச் செலவு. காரில் உங்களுக்கே விளங்காத சத்தம் ஒன்று இருப்பின், அல்லது அடுத்த மாதமே வேறு ஊருக்குக் குடிபெயர்வதாயின், அல்லது நோர்வேஜிய மொழியில் ஒப்பந்தம் பேசும் துணிவு இன்னும் வரவில்லையாயின், இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, கூடியதைத் தருபவரிடம் கொடுத்துவிடுங்கள். குறைந்து கிடைக்கும் பணத்தை நட்டமெனக் கருத வேண்டாம். அது நிம்மதிக்குக் கொடுத்த விலை.

அறிந்தவருக்கு விற்பதானால்? அங்கேதான் ஒப்பந்தம் மிக அவசியம். அந்நியரோடு பிணக்கு வந்தால் 'ஃபோர்லிக்ஸ்ரோத்' எனப்படும் இணக்கசபைக்குப் போகலாம். அது ஒவ்வொரு நகரசபைப் பகுதிக்கும் உண்டு. ஆனால் எம்மவர் ஒருவரை அங்கே அழைத்துச் செல்ல எமக்கு மனம் வருவதில்லை. வழக்குக்கும் போகாமல், மறக்கவும் மாட்டாமல், கோபத்தை ஆண்டுக்கணக்காகச் சுமக்கிறோம்.

ஆரம்பத்தில் குறிப்பிட்ட இரு குடும்பங்களின் கதையை முடித்துவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, இருவரும் எனது சமையலறை மேசையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். சட்டத்தின் 19ஆம் பிரிவைத் தமிழில் எடுத்துக் கூறினேன். கராஜ் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டது பெரியவரின் பிழை. சேவைப் புத்தகத்தில் பெல்ற் மாற்றியதற்கான முத்திரை இல்லாததைப் பார்க்காமலே வாங்கியது இளைஞரின் பிழை. மேலும், புதிய பெல்ற் போட்ட காரின் மதிப்பு சற்றுக் கூடியும் இருக்கிறது. நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் பெரியவர், "கடிதத்தை நான் ஒளிக்கேல்லைத் தம்பி. மறந்துபோனன். மறந்ததும் என்ரை பிழைதான்" என்றார். 26,000 குரோனரில் 14,000ஐ அவர் கொடுப்பதென முடிவாயிற்று. அந்த முடிவை நாங்கள் எழுதிக்கொண்டோம். இருவரும் கையொப்பமிட்டார்கள். அவர்களுக்கிடையே எழுதப்பட்ட முதலாவது காகிதம் அதுவே.

தங்கையின் திருமணம் அதற்கு முன்னரே நடந்து முடிந்துவிட்டது. அதை எந்த ஒப்பந்தத்தாலும் மீட்க முடியாது. பெரியவர் அன்றிரவு விடைபெறும்போது, மணமக்களுக்கென ஓர் உறையை இளைஞரின் கையில் வைத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

எமது ஊர்க் கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை தொங்கும். கடைக்காரர் எவரையும் அவமதிப்பதற்காக அதை மாட்டியதில்லை. அன்பு முறியக்கூடாதென்பதற்காகவே மாட்டினார். அடுத்த சித்திரையில் உங்கள் காரின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என எழுதி ஒட்டும்போது, ஒப்பந்தப் படிவத்தின் இரு பிரதிகளையும் காருக்குள் எடுத்து வையுங்கள். வருபவர் உங்கள் சொந்தச் சகோதரனாக இருந்தாலும் சரி.